மூன்று வாரம் நிற்கும் தோல்

ராஜபாளையம்
8.9.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில், வார்டு வாசலில் வைத்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "நீ படிச்சவதான, சொல்லு. எம்பிள்ளை பொழைப்பாளா?" என்பது முதல் கேள்வி. எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதனால்தான் வாயைத் திறக்காமல் படியிறங்கி வந்தேன். "நெஞ்சழுத்தத்தப் பாரு" என்று மதினி சொன்னது காதில் விழுந்தது.

இரண்டாவது கேள்வி, "வெந்த தோலு எங்கயிருந்துட்டி திரும்ப வரும்?" இதற்கு ஓரளவு பதில் தெரியும். போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே எங்கள் கம்பெனி பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் சோணைமுத்துவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. "பதினோரு கிலோமீட்டருக்கு லெட்டரா மேடம், ஒரு போன் போட்டா போச்சு" என்றார். எடுக்க மாட்டார் என்றேன்.

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். பல பேர் வாயால் பல விதமாகக் கேட்டிருப்பீர்கள். திங்கட்கிழமை காலை பத்தரை மணி. புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிற கொதிகலனுக்கு, சோதனைத் தண்ணீர் பிடிக்கப் பாப்பா வெங்கடேஸ்வரி போனாள். அது அவளுடைய வேலை. அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் பூஜ்யத்தில் நின்றது. உள்ளே பூஜ்யம் இல்லை. ஆபரேட்டர் மூடியைத் தளர்த்தியதும் கொதிநீர் பீறிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், முகம் தப்பியது. முதுகு, வயிறு, இரண்டு தொடைகள். உடம்பில் முப்பத்தைந்து சதவீதம். நான் இருபதடி தள்ளி என் சோதனை அறையில் இருந்தேன். அந்த மீட்டரை மாற்றச் சொல்லி ஜூலையில் ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். மறுபடி எழுதவில்லை.

இப்போது தோல். அது வெளியிலிருந்து வருவதில்லை, அடியிலிருந்து வருகிறது. மேல்தோலின் அடிவரிசையிலும் ஒவ்வொரு முடியின் வேர்ப்பையிலும், எதுவாக ஆவது என்று இன்னும் முடிவாகாத செல்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் குருத்தணு என்பார்கள். டாக்டர்கள் ஸ்டெம் செல் என்பார்கள். முழங்கால் சிராய்த்தால் இவைதான் வேர்ப்பையிலிருந்து பெருகி மேலேறி வந்து புண்ணை மூடுகின்றன. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலியின் முதுகில் புண் உண்டாக்கி, அது மூடுகிற அளவை நாள்தோறும் குறிப்பேன். நீங்கள் அப்போது காஷ்மீரில் இருந்தீர்கள். எலிக்கு வைத்தியம் பார்க்கவா உன்னைப் படிக்கவைத்தோம் என்று எழுதினீர்கள்.

அவளுக்கு வெந்தது ஆழம். பெரும்பாலான இடத்தில் வேர்ப்பையும் சேர்ந்து போய்விட்டது. மேலேறி வர அங்கே எதுவும் மிச்சமில்லை. ஓரத்துத் தோல்தான் ஊர்ந்து வந்து மூட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். கிருமி அதுவரை காத்திருக்காது. ஆகவே வேறிடத்தில் மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டுவார்கள். வழக்கமாகத் தொடையில் எடுப்பது. அவளுக்குத் தொடையும் வெந்துவிட்டது. தலையில் எடுக்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேளுங்கள். தலையில் முடி நெருக்கம், வேர் ஆழம். எடுத்த இடம் பத்து நாளில் ஆறிவிடும். அதே இடத்தில் மறுபடி எடுக்கலாம். பிறகு முடி வளர்ந்து அடையாளத்தையும் மறைத்துவிடும். முடியை மழிக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

மதினியின் தம்பி போனில் காட்டிய விளம்பரம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் பதினைந்தே நாளில் புதுத்தோல் என்பது, வேண்டாம். அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று விற்பவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். அவளுக்கு வேண்டியது அவள் தலையில் இருக்கிறது.

யோகேஸ்வரி

~

ஸ்ரீவில்லிபுத்தூர்
13.9.2024

யோகேஸ்வரிக்கு,

சோணைமுத்து கடிதம் கொடுத்தார். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் வீட்டுக்கு எழுதிய கை. ஓய்வு பெற்றபின் இன்றைக்குத்தான் பேனா பிடிக்கிறேன். நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுத மனமில்லை.

ஆவணியில் தேவதானத்து மாப்பிள்ளைக்குப் பேசி முடிக்க இருந்தேன். "ரெண்டு வருசம் வேலை பாக்கட்டும்ணே, அவளுக்குன்னு கையில ஒரு தொழில் இருக்கட்டும்" என்று சொன்னது நீ. உன் பொறுப்பில் இருப்பாள் என்று சொன்னதும் நீ. கல்யாணம் வேண்டாம் என்று நீ ஒருத்தி நின்றது இந்தக் குடும்பத்துக்குப் போதாதா? ஜூலையில் ஒரு முறை எழுதினாய் என்கிறாய். நான் சென்ட்ரி காவல் நின்றவன். ஒரு முறை சத்தம் கொடுத்தேன், பிறகு கொடுக்கவில்லை என்று சொன்னால் எங்கள் சுபேதார் விட்டிருக்க மாட்டார்.

இதை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

பெரிய டாக்டரிடம் தலைத்தோலைப் பற்றிக் கேட்டேன். யார் சொன்னது என்றார். தங்கச்சி என்றேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தாராம். 23ஆம் தேதி திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்குத் தியேட்டருக்குள் வைத்து அவர்களே மழித்துக்கொள்வார்களாம். என்னிடமிருந்து தோல் எடுங்கள் என்றும் கேட்டேன். சுகர் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். உன் மதினி குருவம்மாளுக்கு உடம்பில் ரத்தம் இல்லை.

உன் கடிதத்தைக் குருவம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். குருத்து என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "தென்னையில வண்டு விழுந்து குருத்து போனா மரமே போச்சுல்ல, அந்தக் கதைதான" என்றாள். தோப்பில் போன வருடம் ஆறு மரம் அப்படிப் போனது.

இன்னொன்று. பாப்பாவுக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு பிழைக்க மாட்டாள் என்றிருந்தபோது, நம் ஊரை ஒட்டிய திருவண்ணாமலைப் பெருமாளுக்கு முடி தருவதாகக் குருவம்மாள் வேண்டியிருந்தாள். பிறகு பள்ளிக்கூடம், பரீட்சை, சடங்கு என்று தள்ளிப்போனது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. எடுக்க யாருக்கு மனம் வரும்? "பதினஞ்சு வருசம் அவன ஏமாத்துனோம். அவன் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்" என்று வார்டு வராண்டாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மழித்தால் முடி குப்பைக் கூடைக்குப் போகும். சாமிக்கு நேர்ந்தது அங்கே போகலாமா? முடி விசயத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நீ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் குருவம்மாள் கத்துவாள்.

இருளப்பசாமி

~

ராஜபாளையம்
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதில் மறுக்க எனக்கு எதுவும் இல்லை. சென்ட்ரி விஷயம் சரி.

நான் வரவில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கட்டு மாற்றும்போது காஸ் துணியைக் காய்ந்தபடி இழுக்க விடாதீர்கள். புண்ணோடு ஒட்டிக்கொண்டு, புதிதாக வந்ததையும் பிய்த்துக்கொண்டு வரும். உப்புநீர் ஊற்றி, நன்றாக நனைந்தபிறகு பிரிக்கச் சொல்லுங்கள். இருபது வருடம் காஸ் துணியைத் தரம் பார்க்கிறவள் என்ற முறையில் இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது, முட்டை. அவளுக்குப் பிடிக்காது. வெள்ளைக்கருவை மட்டும் மோரில் அடித்துக் கொடுத்தால் குடிப்பாள். இங்கே என்னோடு இருந்தபோது அப்படித்தான் குடித்தாள்.

வேண்டுதலைப் பற்றி நான் என்ன சொல்ல. முடி மறுபடி வளரும். அவள் எழுந்து நடந்தபிறகு மலைக்குப் போய்க் கொடுக்கட்டும். பதினைந்து வருடம் காத்திருந்த பெருமாள் இன்னும் ஒரு வருடம் காத்திருப்பார். டாக்டர் காத்திருக்க மாட்டார்.

யோகேஸ்வரி

~

ஸ்ரீவில்லிபுத்தூர்
26.9.2024

யோகேஸ்வரிக்கு,

ஆபரேஷன் நடக்கவில்லை. சோணைமுத்து சொல்லியிருப்பார். ஏன் நடக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதை நான்தான் எழுத வேண்டும்.

21ஆம் தேதி புரட்டாசி முதல் சனி. காலை ஆறு மணிக்கு உடம்பு துடைத்துவிட வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். நானும் குருவம்மாளும் போனோம். புதிதாக வந்த நர்சு பையில் என்ன என்று கேட்டது. டாக்டர் தலையை மழிக்கச் சொன்னார் என்றேன். அவர் சொன்னது உண்மைதான். தியேட்டருக்குள் வைத்து அவர்கள் செய்வதாகச் சொன்னதை நான் சொல்லவில்லை.

திரையை இழுத்து விட்டுக்கொண்டு என் கையால் மழித்தேன். என் சொந்த சவரக்கத்தி. வெந்நீரில் கழுவி, புது பிளேடு போட்டுத்தான் செய்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் மழித்த கை, பனியிலும் பிசகாத கை, அன்றைக்குப் பிசகிவிட்டது. மூன்று இடத்தில் கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம்தான், அதற்கு மேல் இல்லை.

பாப்பா சிரித்தாள். "ஏப்பா, என்னையும் பட்டாளத்துல சேத்துட்டியளா? ரெக்ரூட் கட்டிங்கா?" என்றாள். "ஆமட்டி, நாளைக்குக் காலைல பரேடு" என்றேன். குருவம்மாள் மலையிலிருந்து வந்த சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினாள். மொட்டை போட்டால் பூச வேண்டும்தானே. பூசும்போது "குளுந்திருக்கும்மா" என்றாள் பாப்பா. அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தையாக நாங்கள் கேட்டது அந்த ஒன்றுதான், மூன்று வாரத்தில்.

முடியை மஞ்சள் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். அன்றைக்கு மலையில் நிற்க இடமில்லை. முடி போடுகிற இடத்தில் போட்டுவிட்டுக் கும்பிட்டேன். பதினைந்து வருடப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வந்து தலையைப் பார்த்தார். கீறின இடத்திலிருந்து பரவி, தலை முழுக்கச் சின்னச் சின்னதாகச் சீழ் கோத்திருந்தது. சந்தனத்தைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டே, "இந்தத் தோலு இனி மூணு வாரத்துக்கு ஆகாதுங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் புண் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

வண்டு விழுந்தது தோப்பில் இல்லை. அந்த வண்டு என் கை.

இருளப்பசாமி

~

ராஜபாளையம்
27.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. மதியம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிளேடு புதிதாக இருப்பதும் வெந்நீரில் கழுவுவதும் போதாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நூறு விழும். தீக்காய வார்டில் காற்றிலும் படுக்கையிலும் இருக்கிற கிருமிக்கு அது போதும். அதனால்தான் தியேட்டருக்குள், கடைசி நேரத்தில், மெஷின் வைத்து எடுக்கிறார்கள். இது எனக்குத் தெரியும். தினமும் கிருமி எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான். முதல் கடிதத்தில், மழிக்க வேண்டியிருக்கும் என்று எழுதினேன். நீங்கள் கத்தியைத் தொடக் கூடாது என்று எழுதவில்லை. அதற்கு ஒரு வரி போதும். முடி விசயத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெருமாள் காத்திருப்பார் என்று கிண்டலாக ஒரு வரி எழுதி, அதை நானே ரசித்துக்கொண்டு, உறையை ஒட்டிவிட்டேன். மதினிக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் அவர்கள் ஒரு வருடம் தள்ளிப்போட ஒப்பியிருக்கவும் கூடும்.

மீட்டருக்கு ஒரு முறை, இதற்கு ஒரு முறை. இரண்டு தடவையும் பாதிதான் எழுதினேன்.

நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில்: மூன்று வாரம் திறந்து கிடக்க விட முடியாது. ஆபரேஷன் நடக்கவில்லை என்று சோணைமுத்து சொன்னதும், நேற்று சாயங்காலமே பெரிய டாக்டரிடம் போனில் பேசினேன். உங்களைக் கேட்காமல் பேசியதற்கு மன்னிக்க வேண்டும். வேறொருவர் தோலைப் போர்வை மாதிரி மேலே போட்டு மூடி வைக்கலாம். அது நிலைக்காது. நமக்கு ஒரே ரத்தம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரம் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு அந்நியம் என்று தள்ளிவிடும். ஆனால் அந்த மூன்று வாரம்தான் நமக்கு வேண்டும். அதற்குள் அவள் தலை ஆறும், அதன்பின் அவளுடைய தோலையே எடுக்கலாம்.

எனக்குச் சுகர் இல்லை. ரத்தம் பன்னிரண்டு இருக்கிறது. மற்ற சோதனைகளுக்கு இன்று காலையே ரத்தம் கொடுத்துவிட்டேன். இரண்டு தொடையிலும் எடுக்கலாம் என்றார். எடுத்த இடம் இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். என் வேர்ப்பைகள் நன்றாக இருக்கின்றன.

இதனால் அவள் பிழைப்பாளா என்று கேட்காதீர்கள். மதினி சம்மதித்தால் மட்டும் வருகிறேன்.

யோகேஸ்வரி

~

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.9.2024

யோகாவுக்கு,

வா.

போனில் உன் எண்ணுக்குப் போட்டிருந்த அடைப்பை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். பேசினால் குரல் நிற்காது.

உன் கடிதத்தைக் குருவம்மாளிடம் வாசித்தேன். மீட்டர் பற்றி எழுதியதையும், பெருமாள் பற்றி எழுதியதையும் விடாமல் வாசித்தேன். பொறவு, "அவிய தோலு தடிச்ச தோலுல்ல, நல்லாப் புடிச்சுக்கிடும்" என்றாள். கேலியா நிசமா என்று எனக்குப் புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துவிட்டு, அதற்காக அழுதாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. முந்தின நாளே வந்து படுக்கச் சொன்னார்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் இரண்டு நாளாக இறங்கவில்லை. வெள்ளைக்கரு மோர் குடிக்கிறாள். உன்னைக் கேட்டாள். "அத்தைய ஏம்ப்பா வரக் கூடாதுன்னிய?" என்றாள்.

தனியாக வராதே. வரும்போது சோணைமுத்துவைக் கூட்டிக்கொண்டு வா. அவரிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்

~

மதுரை
4.10.2024, வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பாப்பாவின் காரியம் இன்று காலை என்று சோணைமுத்து சொன்னார். என்னால் வர முடியவில்லை. இரண்டு தொடையிலும் கட்டு. எழுந்து நிற்க விடமாட்டேன் என்கிறார்கள்.

நேற்று உள்ளே நடந்ததை உங்களுக்கு யாரும் வரிசையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் மதினியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் உள்ளே இருந்தேன். பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

ஏழே முக்காலுக்கு எங்கள் இரண்டு பேரையும் தள்ளுவண்டியில் வராண்டாவில் பக்கத்துப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவளைப் பார்க்கிறேன். தலையில் பஞ்சும் கட்டும். முகம் மட்டும் பழையபடி இருந்தது. "அத்தை, ஒங்க தோலு கறுப்பு. எனக்கு மேட்ச் ஆகாதே" என்றாள். மூணு வாரம்தான் என்றேன். "சரி, மூணு வாரம் பொறுத்துக்கிடுதேன்" என்றாள். இன்னொன்றும் கேட்டாள். மீட்டரை மாற்றிவிட்டார்களா என்று. மாற்றியாயிற்று என்றேன். அது உண்மை. போன வாரம் மாற்றினார்கள்.

எனக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆகவே நினைவு இருந்தது. எடுத்த தோலை உப்புநீரில் நனைத்த காஸ் துணியில் விரித்து வைத்தார்கள். எங்கள் கம்பெனித் துணி இல்லை, நெசவு தளர்வு. அந்த நேரத்திலும் அதைத்தான் என் கண் பார்த்தது. ஒன்பதே காலுக்கு என்னை வெளியே கொண்டுவந்து, நடுவில் இருக்கும் அறையில் படுக்க வைத்தார்கள். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு முழுவதும் மூடவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முதலிலிருந்தே தயங்கினார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, காய்ச்சல் நூற்று மூன்று, தாங்குமா என்றார். இன்னும் ஒரு நாள் விட்டால் அதுவும் முடியாது என்று பெரிய டாக்டர் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது சரி. பழைய கட்டைப் பிரித்தார்கள். நன்றாக நனைத்துவிட்டுத்தான் பிரித்தார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பத்து மணிக்குப் பிரஷர் இறங்கியது. மருந்து ஏற்றினார்கள். ஏறியது, மறுபடி இறங்கியது. என் தோலைத் தட்டிலிருந்து எடுக்கவே இல்லை. பத்து ஐம்பதுக்குப் பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். ஒரு நர்சு எழுதிக்கொண்டாள்.

சவரக்கத்திதான் காரணமா என்று நீங்கள் வாழ்நாள் முழுக்க யோசிப்பீர்கள். சந்தனமா என்று மதினி யோசிப்பார்கள். இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. முதுகுப் புண்ணிலும் அதே கிருமி முதல் வாரத்திலேயே இருந்தது என்று சோதனைத் தாளில் பார்த்தேன். 23ஆம் தேதி ஒட்டியிருந்தால் நின்றிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. மீட்டர் முள் மட்டும்தான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். விசாரணைக்கு வருகிறவர்களிடம் அதை எழுத்தில் கொடுப்பேன். இந்த முறை பாதியோடு விட மாட்டேன்.

நீங்கள் ஆம்புலன்சுக்குப் போகும்முன் என் கட்டிலுக்கு வந்தீர்கள். கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஏட்டி, வலிக்கா?" என்றீர்கள். இல்லை என்றேன். அப்போது மரத்திருந்தது. இப்போது வலிக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் தோல் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. பத்து நாள் கெடாதாம். நேற்று சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்தார். அதே வார்டில் இசக்கிமுத்து என்று ஒருவர், முப்பத்தோரு வயது, பட்டாசு மருந்து தீப்பற்றி மார்பும் கைகளும் வெந்து கிடக்கிறார். அவருக்குப் போடலாமா என்று கேட்டார். பாப்பாவுக்கென்று எடுத்தது. உங்களிடமும் மதினியிடமும் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அப்போது திருமங்கலம் தாண்டியிருப்பீர்கள். கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். கோபம் வந்தால் எழுதுங்கள்.

5.10, சனி.

கடிதத்தைச் சோணைமுத்து நேற்று வாங்கிப் போக வரவில்லை, காரியத்தில் நின்றுவிட்டார். ஆகவே இன்று நடந்ததையும் எழுதுகிறேன்.

காலையில் இசக்கிமுத்துவுக்கு வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. மார்பு முழுக்கவும் இடது கையில் பாதியும் மூடியதாம். வலது கைக்குப் போதவில்லை. எனக்குக் கட்டின் மேல்பகுதியை மட்டும் மாற்றினார்கள். அடியில் கசிவு குறைவு, ஆறத் தொடங்கிவிடும் என்று நர்சு சொன்னாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஆளின் மனைவி என் கட்டிலைத் தேடி வந்தாள். பாண்டீஸ்வரி என்று பெயர். வத்திராயிருப்புப் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தூக்குவாளி.

"யக்கா, தோலு குடுத்தவிய நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு நர்சம்மா சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரரு பொழைச்சுக்கிடுவாராக்கா?"

"தெரியல தாயி" என்றேன்.

அவள் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

யோகா